அப்பச்சி பேப்பரை நிறுத்தச் சொல்கிறார், நிறுத்தலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார் (செட்டிநாட்டு நகரத்தார், அதாவது செட்டியார் வீடுகளில் அப்பாவைத்தான் அப்பச்சி என்பார்கள்): "எங்கள் அப்பச்சிக்கு 71 வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து காலையில் முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர். போன மாதம் பேப்பரை நிறுத்தச் சொல்லிவிட்டார். எல்லாம் யூடியூபில் வந்துவிடுகிறதாம், பேப்பர்காரன் மறைப்பதை இவர்கள்தான் சொல்கிறார்களாம். பழைய செய்தி ஊடகங்கள் உண்மையிலேயே முடிந்துவிட்டனவா? இந்தப் புதிய சேனல்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?"

எனக்கு இரண்டு பக்கமும் பழக்கம். அப்பா காரைக்குடியில் பேப்பர் ஏஜென்ட். நான் பதினெட்டு வருடம் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். எந்த நாளிதழ் என்பது வேண்டாம். இப்போது அக்கா மகன் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறான், அவனுக்கு ஸ்கிரிப்ட் திருத்திக் கொடுப்பது நான்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பேப்பர் எப்படிக் குறைந்தது என்பதை நான் பார்த்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். விடியற்காலை நாலு மணிக்கு மதுரையிலிருந்து வேன் வரும். ஓடுகிற வேகத்திலேயே கட்டுகளைத் தள்ளிவிட்டுப் போவார்கள். கட்டின் மேல் சுற்றியிருக்கும் தாளில் ஏஜென்ட் பெயரும் எண்ணிக்கையும் இருக்கும். பட்டையை அறுத்து எண்ண வேண்டும், இரண்டு மூன்று குறையும், அதற்கு ஒரு போன். ஞாயிற்றுக்கிழமை இணைப்புகள் தனிக் கட்டாக வரும். தரையில் குந்தி ஒவ்வொரு பேப்பரிலும் செருகுவோம், விரல் நுனி கறுத்துவிடும். இணைப்போடு துணிக்கடை நோட்டீசையும் சேர்த்துச் செருகுவோம். பேப்பருக்குக் கிடைக்கும் கமிஷன் பையன்களின் கூலிக்கும் சைக்கிள் பஞ்சருக்கும் சரியாகப் போய்விடும். ஏஜென்டுக்கு மிச்சம் என்று ஒன்று இருந்தால் அது அந்த நோட்டீசில்தான். ஒரு வருடம் ஆடித் தள்ளுபடிக்கு வழக்கமான துணிக்கடையிலிருந்து நோட்டீஸ் வரவில்லை. விசாரித்தால், ரீல்ஸ் போடுகிற ஒரு பையனுக்கு அந்தப் பணம் போயிருந்தது. "இனி தேறாதுடா" என்று அப்பா முதன்முதலில் சொன்னது அன்றைக்குத்தான். அதற்கு முன் சந்தா குறைந்தபோதெல்லாம் அவர் அசரவே இல்லை.

அவருடைய கணக்கு சரி. பேப்பரை நாம் கொடுக்கும் விலை நடத்துவதில்லை. தாள், மை, அச்சு, வேன் எல்லாம் சேர்த்தால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு விற்கும் விலையைத் தாண்டிவிடும். மீதியை விளம்பரம் கட்டிவந்தது. அதிலும் பெரிய கம்பெனி விளம்பரத்தைவிட வீடு வாடகைக்கு, மனை விற்பனைக்கு, மணமகள் தேவை, கண்ணீர் அஞ்சலி என்று பொடி எழுத்தில் வரும் வரி விளம்பரங்கள் நம்பகமான வரும்படி. அமெரிக்காவில் 1995ல் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இலவச விளம்பரத் தளம் அங்குள்ள பேப்பர்களின் இந்த வருமானத்தைத்தான் முதலில் அரித்தது. இங்கே பெண் பார்ப்பது திருமணத் தளங்களுக்குப் போனது, பழைய வண்டி விற்பது ஓஎல்எக்ஸுக்குப் போனது.

செட்டிநாட்டில் இன்னொன்றையும் பார்க்கலாம். ஒரு பெரியவர் சிவபதவி அடைந்தால், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகளுக்குச் சொல்லியாக வேண்டும். முன்பு தந்தி, பிறகு போன், அதோடு பேப்பரில் ஒரு பெட்டி விளம்பரம். இப்போது நகரத்தாரின் குலக்கோயில் வாரியாக வாட்ஸ்அப் குழு இருக்கிறது. உடலைப் பட்டாலைக்கு (வீட்டுக் கூடத்துக்கு) கொண்டுவருவதற்குள் பினாங்கிலிருந்து கைகூப்பிய படம் வந்துவிடுகிறது. இதற்கு மேல் அந்தப் பெட்டி விளம்பரத்துக்கு யார் ஆயிரக்கணக்கில் கொடுப்பார்கள்?

இந்த மாற்றத்துக்குத் தேதியே சொல்லலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை ஒரு ஜிபி டேட்டாவுக்கு 250 ரூபாய் போல கொடுத்து, சொட்டுச் சொட்டாகச் செலவழித்தவர்கள் நாள் முழுக்க வீடியோ பார்க்கத் தொடங்கினார்கள். டீக்கடையில் ஒரு தினத்தந்தியை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துப் படித்த கூட்டம் ஆளுக்கொரு போனில் குனிந்துகொண்டது. அப்புறம் 2020 ஊரடங்கு. பேப்பரைத் தொட்டால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பயம் கிளம்பி, வீடு வீடாக நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் பழக்கம் விட்டது, விட்டவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அப்பாவிடம் முன்பு ஐந்து பையன்கள் சைக்கிளில் போனார்கள். இன்று ஒருவர், அவருக்கே ஐம்பது வயது, ஒரே பைக்கில் அவ்வளவு தெருவையும் முடித்துவிடுகிறார். இது இங்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2025ல், செய்தி ஊடகங்களை ஆராயும் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் எடுத்த கணக்கில், அமெரிக்காவில் சமூக ஊடகம், வீடியோ தளங்கள் வழியாகச் செய்தி அறிபவர்கள் 54 சதவீதம், டிவி வழியாக 50 சதவீதம். டிவியும் பின்தங்கிவிட்டது.

ஆனால் வாசகர் போனதற்குப் பணமும் டெக்னாலஜியும் மட்டும் காரணம் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். அப்பச்சி சொல்லும் அந்த "மறைக்கிறார்கள்" என்ற வார்த்தையில் உண்மை இருக்கிறது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

சின்ன ஊர்களில் பகுதிநேர நிருபருக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அச்சில் வந்த செய்திக்கு ஏதோ கொடுப்பார்கள், பெட்ரோலுக்குக் காணாது. பிழைப்பு நடப்பது விளம்பரக் கமிஷனில். பொங்கல் மலர், சுதந்திர தினச் சிறப்பிதழ், கல்லூரி அட்மிஷன் நேரம் என்று ஒவ்வொரு சீசனுக்கும் இலக்கு வரும். காலையில் ஒரு கல்வி நிறுவனத்தில் போய் அரைப் பக்கம் கேட்டவன், மாலையில் அதே நிறுவனத்தின் பேருந்து மோதிய செய்தியை எப்படி எழுதுவான்? "தனியார் கல்லூரிப் பேருந்து" என்று எழுதுவான். அப்படி எழுதியவன் நான். படித்தவர்களுக்கு எந்தக் கல்லூரி என்று முதல் நாளே தெரியும், போட்டோவில் பேருந்தின் நிறமே சொல்லிவிடும். பெயரைப் போடாத பேப்பரைப் பார்த்து அவர்கள் சிரித்திருப்பார்கள். மேல்மட்டத்தில் நடந்தது இதைவிடப் பெரிது. 2009 தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்டதைப் பற்றிப் பிரஸ் கவுன்சிலின் துணைக்குழுவே 2010ல் அறிக்கை எழுதியது. நம்பிக்கை போனது யூடியூப் வந்த பிறகு என்பது தவறு. அது முன்பே கிளம்பிவிட்டது, போய்ச் சேர ஓர் இடம் கிடைக்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

தவிர, மாற்று ஊடகம் எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1920லேயே காரைக்குடியில் 'தன வைசிய ஊழியன்' தொடங்கிவிட்டது. பின்னால் ராய. சொக்கலிங்கம் அதை 'ஊழியன்' என்று நடத்தினார். சொ. முருகப்பா 'குமரன்' நடத்தினார். கைம்பெண்களின் மறுமணத்துக்காக 1936ல் 'மாதர் மறுமணம்' என்று தனியாக ஒரு பத்திரிகை இதே ஊரிலிருந்து வந்தது. ஆசிரியர் மு. மரகதவல்லி, முருகப்பாவின் மனைவி. அந்தக் காலத்துச் செட்டிநாட்டில் அந்தப் பெயரை அட்டையில் அச்சடிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கோட்டையூர் ஏ.கே. செட்டியார் ரங்கூனில் 'தனவணிகன்' நடத்தி, உலகமெல்லாம் அலைந்து காந்தி பற்றிய படச்சுருள்களைத் திரட்டி 1940ல் ஆவணப்படமாக்கி, பிறகு 1943லிருந்து தன் கடைசிக் காலம் வரை 'குமரி மலர்' கொண்டுவந்தார். கிட்டத்தட்ட ஒற்றை ஆள் பத்திரிகை. பெரிய கூட்டத்துக்குப் பத்திரிகை நடத்தத் தெரிந்தவர்களும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். 1947ல் குமுதம் தொடங்கிய எஸ்.ஏ.பி. அண்ணாமலை, கல்கண்டு தமிழ்வாணன், இருவருமே நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள். தமிழ்வாணன் உங்கள் தேவகோட்டை.

அந்தச் சின்னப் பத்திரிகைகளுக்கும் இன்றைய சேனல்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், காசு வரும் வழி. அவர்களுக்குச் சந்தாதாரர் இருந்தார். சந்தாதாரர் கோபித்துக்கொண்டு கார்டு எழுதினால் பதில் போட்டாக வேண்டும். யூடியூபில் பார்ப்பவர் காசு கொடுப்பதில்லை. விளம்பரக் காசு கூகுளிடமிருந்து வருகிறது. நீள வீடியோ போடுபவருக்கு, ஆயிரம் சப்ஸ்கிரைபரும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரம் பார்வையும் சேர்ந்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். திறந்தால் நீள வீடியோ விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தமிழ் வீடியோவில் விளம்பர விலை குறைவு, ஒரு உள்ளூர்ச் செய்தியை உள்ளூர்க்காரர் எத்தனை பேர் பார்ப்பார்கள்?

அக்கா மகன் கதையையே சொல்கிறேன். ஒரு பேரூராட்சியில் பதினொரு நாள் குடிதண்ணீர் வரவில்லை. இவன் போய்ப் பெண்களைப் பேசவைத்து, மோட்டார் அறையைக் காட்டி, அதிகாரியின் பதிலையும் வாங்கி, இரண்டு நாள் வேலை செய்து எட்டு நிமிட வீடியோ போட்டான். எழுநூறு பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம் சென்னையில் ஒரு நடிகரைப் பற்றி இன்னொரு சேனல் பேசியதைப் பற்றி, வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேசினான். இரண்டு லட்சம். அவன் கெட்ட பையன் இல்லை, கேமராவுக்கு மாதத் தவணை கட்டுகிறான். "மாமா, தண்ணி வீடியோவுக்கு வந்த காசுல ஒரு மெமரி கார்டு வாங்க முடியாது" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் வீடியோ போட்ட மூன்றாம் நாள் மோட்டார் ஓடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் புதிய ஆட்கள் நன்றாகச் செய்வது என்ன என்று கேட்டால் நான் மஞ்சுவிரட்டைக் காட்டுவேன். தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு நான் பல வருடம் செய்தி அனுப்பியிருக்கிறேன். மறுநாள் பேப்பரில் வருவது ஒரு படம், அமைச்சரோ கலெக்டரோ வந்த விவரம், "மாடு முட்டி இத்தனை பேர் காயம்". ஒவ்வொரு வருடமும் எண் மட்டும்தான் மாறும். பொட்டல் முழுக்கக் கட்டுமாடுகளாக, அதாவது தொழுவத்துக்குக் கொண்டுபோகாமல் ஆங்காங்கே, அவிழ்த்து விட்டிருக்க, எந்த மாடு எந்த ஊர், யார் வளர்த்தது, போன வருடம் பிடிபட்டதா என்று மொத்தக் கூட்டமும் பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சில் ஒரு வரிகூட என் செய்தியில் இருக்காது. இன்று மஞ்சுவிரட்டுக்கு என்றே சேனல்கள் இருக்கின்றன. பையன்கள் தொழுவத்துக்கே போய் மாட்டுக்காரரிடம் பேட்டி எடுக்கிறார்கள், நேரலை போடுகிறார்கள், மாடு செத்தால் ஊரே அழுவதைக் காட்டுகிறார்கள். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளை அதைப் பார்த்துத்தான் பொங்கல் கொண்டாடுகிறான். நாங்கள் விட்ட இடத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதில் எங்களுக்குக் கோபப்பட உரிமை இல்லை.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. 2018 மே மாதம் குழந்தை கடத்தும் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதுதான் சந்தேகம். அந்த வருடம்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றியது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் ஓடின. அப்போது ஒரு யூடியூபர் கைதானார். ஆனால் அதே பொய்யை அச்சிட்ட வடநாட்டு நாளிதழ் மீதும் இங்கே வழக்குப் பதிவானது, அதையும் மறக்கக் கூடாது. பேப்பரில் வந்தால் உண்மை, போனில் வந்தால் பொய் என்று பிரித்துவிட முடியாது.

அப்படியானால் எதை வைத்து எடை போடுவது? எனக்குப் பழக்கமான ஒரு முறையைச் சொல்கிறேன். பேப்பரின் கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவுக்கு ஒரு வரி இருக்கும்: அச்சிட்டு வெளியிடுபவர் இன்னார், இடம் இன்னது, ஆசிரியர் இன்னார். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி போட்டுவந்த வரி. 2023ல் புதிய சட்டம் வந்து 2024 மார்ச்சிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது, வரி அப்படியே இருக்கிறது. வழக்குப் போட வேண்டுமென்றால் வக்கீல் முதலில் அந்த வரியைத்தான் தேடுவார். அப்பச்சி பார்க்கும் சேனலில் அந்த வரிக்குச் சமமாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நடத்துபவர் யார், எந்த ஊர், தப்பாகச் சொன்னால் யாரிடம் கேட்பது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையச் செய்தித் தளங்களும் குறைதீர்க்க ஓர் ஆளை நியமிக்க வேண்டும் என்கின்றன. பல சேனல்களில் ஒரு ஜிமெயில் முகவரிதான் இருக்கும், அதுவும் விளம்பரத்துக்கு. அடுத்து, அவர்கள் எப்போதாவது "நேற்றுச் சொன்னது தவறு" என்று சொல்லியிருக்கிறார்களா? அப்புறம், சம்பவ இடத்துக்குப் போனார்களா, அல்லது வேறு ஒருவர் எடுத்த வீடியோவை ஓடவிட்டு மேலே பேசுகிறார்களா? இந்த மூன்றும் தேறினால் நான் அந்தச் சேனலை நம்புவேன், அது எத்தனை சின்னதாக இருந்தாலும். கடை திறப்பு விழாவுக்கு ரேட் கார்டு வைத்திருக்கிறார்கள் என்பதற்காக ஒதுக்க மாட்டேன். நாங்களும் வைத்திருந்தோமே.

இன்னொரு விஷயம் என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது, கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, சொல்லிவிடுகிறேன். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். சைன்போர்டு எழுதும் ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கையில் கிடைத்த அச்சுத் தாளையெல்லாம் சேர்த்துவைத்தார், ஏறத்தாழ ஒரு லட்சம். 1992ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. அதுதான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நான் மேலே சொன்ன மாதிரிப் பழைய இதழ்களை இன்று தேடுபவர்கள் போய் நிற்கும் வாசல் அது. இப்போது பாருங்கள். எங்கள் பக்கத்துச் சேனல் ஒன்று நாலு வருடம் ஊர்ச் செய்தி போட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் கணக்கை யாரோ ஹேக் செய்ய, அத்தனையும் போயிற்று. கண்மாய் நிறைந்தது, தேர் ஓடியது, இடிக்கும் முன் எடுத்த வீடுகள், எதுவும் இல்லை. 1987ல் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. அந்த இதழ் விற்ற இடத்தில், வாங்கியவர் வீட்டில் அப்படியே இருந்தது. 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளத்தையே மத்திய அரசு முடக்கியது. கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்தால் முடக்கத்தை நீக்கலாம் என்று மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொல்லும் வரை, காசு கட்டிய சந்தாதாரர்கள் உட்படப் பலருக்கும் தளம் திறக்கவில்லை. தாளுக்கு இருந்த அந்த வசதி திரைக்கு இன்னும் வரவில்லை.

சரி, அப்பச்சி விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஊடகம் முடிந்துவிட்டதா என்றால், டெல்லி, சென்னைச் செய்தியை முதலில் சொல்லும் வேலை அதன் கையைவிட்டுப் போய்விட்டது, திரும்பாது. இரவு பதினொரு மணிக்கு மேல் நடப்பது காலைப் பேப்பரில் வராது, போனில் அப்போதே வந்துவிடும். ஆனால் கோர்ட்டில் உட்கார்ந்து தீர்ப்பு கேட்க, கவுன்சில் கூட்டத்தில் தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ள, கலெக்டர் ஆபீசில் காத்திருக்க இன்றைக்கும் பேப்பர்தான் தினமும் ஆள் அனுப்புகிறது. அப்பச்சி பார்க்கும் சேனல்களில் பாதி, காலையில் அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. நீங்களே கவனித்துப் பாருங்கள், மேசையில் இருக்கும்.

அவரிடம் வாதாடாதீர்கள். ஒரு மாதம் பேப்பரில் மாவட்டப் பக்கத்தை மட்டும் நீங்கள் படித்து, மதியச் சாப்பாட்டில் ஒரு செய்தியைச் சொல்லுங்கள், அது அவர் போனில் வந்திருக்கிறதா என்று அவரே தேடட்டும். சில நாள் அவர் ஜெயிப்பார், சில நாள் நீங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் மாதக் கடைசியில் சொல்லுங்கள். நடுவில் சொன்னால் ஏஜென்ட் அந்த மாதத்துக்கு எடுத்த பிரதியைக் குறைக்க முடியாது, பேப்பர் போடும் ஆளின் கணக்கில்தான் அது விழும்.